கரவனில் காய்ந்த கருவாடு

ரூஜ், ஸ்காபரோ
28-05-2023

அன்புள்ள தங்கச்சி பேர்ணடெற்றுக்கு,

மாதாவின் கிருபையாலை நான் சுகம். சுகம் கூடிப்போய் வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்திருக்கு, மற்றபடி ஒண்டுமில்லை. உன்ரை காது எப்பிடி? போன மாசம் போன் எடுத்தனான். நீ "ஆர், ஆர்" எண்டு கேட்டுக் கேட்டுப் போட்டு வைச்சிட்டாய். ஆனபடியால் இனிக் காயிதம்தான். ஆறாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை நான் விட்டிட்டன் எண்டு பேசாலை முழுக்கக் கதை. ஆனா என்ரை கையெழுத்தைப் பாத்திட்டு இஞ்சை தபால் கந்தோர்ப் பெட்டை, "அங்கிள், இது என்ன டிசைன், நல்ல வடிவாக் கிடக்கு" எண்டு கேட்டவள்.

புதினம் என்னெண்டால், வாற ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுதலைக்கு நாங்கள் குடும்பமாக் கரவனிலை கடற்கரை சுத்தப் போறம். கரவன் எண்டால் உங்கை மன்னார் றோட்டிலை ஓடுற வான் எண்டு நினைச்சுப் போடாதை. இது சில்லுப் பூட்டின வீடு. ட்ரக்குக்குப் பின்னாலை கொழுவி இழுக்கிறது. உள்ளுக்கை கட்டில், குசினி, குளிர்பெட்டி, கக்கூஸ் எல்லாம் இருக்கு. உங்கடை சுவாமியாற்றை அறைவீட்டை விடக் கொஞ்சம் பெரிசு. என்ரை மகன் றூபன், மருமகள் பிரதீபா, பேத்தி அட்சயா, என்ரை மனுசி றோசலின், நான். இவ்வளவு பேரையும் வைச்சுக்கொண்டு ஓடப்போறது நான்தான். வேற ஆரை நம்பிறது?

போற பாதையைப் பற்றி ஒரு சொல். கியூபெக் தாண்டி, நியூ பிரன்ஸ்விக் தாண்டி, கடைசியா நோவா ஸ்கோஷியாக் கரை. அங்கை ஆர் இருக்கிறது எண்டு உனக்குத் தெரியும். அந்தப் பேரைக் காயிதத்திலை எழுதக்கூடாது எண்டு நீ சொன்னனீ, நான் எழுதேல்லை. கோயிலிலை கலியாண அறிவித்தல் ஒரு ஞாயிறு வாசிச்சாப் பிறகு, மிசிசாகா கணக்காளர் மாப்பிளையை விட்டிட்டு, லொப்ஸ்டர் பிடிக்கிற வெள்ளைக்காரனைக் கட்டின உன்ரை ஒரே பிள்ளையைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதேல்லை. உன்ரை மனுசன் சவிரியைக் கடல் கொண்டு போன வீட்டிலையிருந்து இன்னொரு கடல்காரனுக்குப் பெண் குடுக்கமாட்டன் எண்டு நீ மாதாவுக்கு முன்னாலை சொன்னது எனக்குத் தெரியும். அதைப் பற்றியும் எழுதேல்லை.

ஆனா ஒண்டு. ஆறு வருசம் போதும். தாயையும் மகளையும் ஒரு சொல்லாவது கதைக்க வைக்காட்டி நான் செல்வரட்ணம் இல்லை.

உன்ரை காதுக்கு இஞ்சத்தைக் காத்தையும் சேர்த்து அனுப்பிற,
அண்ணன் செல்வரட்ணம்

மச்சாள், இது றோசலின். ட்ரக் ஓடப்போறது றூபன். இவருக்குப் பக்கத்தில் இருந்து மப் பார்த்து வழி சொல்லுற வேலை. அதையும் அட்சயா திருப்பித் திருப்பிச் சரி பார்ப்பாள்.


பேசாலை
19-06-2023

அன்பு அண்ணாவுக்கு,

ஆண்டவர் காவலில் நான் இருக்கிறேன். காது அப்படியே. வலக்காதில் இரைச்சல், இடக்காதில் அதுவும் இல்லை. உங்கள் பிறசர் மருந்தை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

கருவாட்டு வாடியில் இந்த முறை கட்டா மீன் நிறைய. வெயிலும் நல்லது. காய வைக்கிறதற்கு ஆள் பிடித்து மாளவில்லை. கனடாவிலிருந்து மடு ஆடித் திருவிழாவுக்கு வரும் கிளடிஸ் திரும்பி வரும்போது அவவிடம் ஒரு பொதி தந்து விடுவேன். கட்டாக் கருவாடு. நீங்கள் பயணம் போகிறீர்கள்தானே. சாப்பிடலாம். வழியில் ஆரையும் கண்டால் கொடுக்கலாம். பழுதாகாது.

சும்மா கேட்கிறேன். அந்தப் பக்கத்துக் கடல் எந்த மாதத்தில் கரைச்சல்? அங்கத்தை ஆட்கள் தொழிலுக்குப் போகும்போது மிதவைச் சட்டை போடுகிறவர்களா, அல்லது எங்கடை ஆட்கள் மாதிரி அதைத் தலைக்கு வைத்துப் படுக்கிறவர்களா?

உங்கள் கடைசிப் பந்தியை நான் வாசிக்கவில்லை. கண்ணாடி தேய்ந்து போச்சு.

றோசலின் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் செபம்.
பேர்ணடெற்


ரூஜ், ஸ்காபரோ
29-07-2023

என்ரை அருமைத் தங்கச்சிக்கு,

உடம்பு திறம். டொக்டர் என்னைப் பாத்திட்டு, "செல்வா, உனக்கு நாற்பது வயசுக்காரன்ரை இருதயம்" எண்டவர். பிறசர் மருந்து போடுறன், அவரின்ரை மனம் நோகக்கூடாது எண்டு.

கிளடிஸ் பொதியைத் தந்தவ. எயர்போட்டிலை நாய் அதைச் சுத்திச் சுத்தி வந்து கடைசியிலை அவவுக்கு முன்னாலை படுத்திட்டுதாம். ஒப்பிசர் திறந்து பாத்துப்போட்டு, "மேடம், இது உயிரோடையா" எண்டு கேட்டாராம். கருவாட்டின்ரை மதிப்பு அப்பிடி.

நேற்றுக் கரவன் வந்திட்டுது. சுவாமியாரைக் கூப்பிட்டு ஆசீர்வதிச்சம். அவர் தீர்த்தத்தைத் தெளிச்சுப்போட்டு, "முன்னுக்கு மட்டும் போதுமோ, பின்னுக்கும் தெளிக்கவோ" எண்டு கேட்டார். எல்லாப் பக்கமும் தெளியுங்கோ ஃபாதர், றிவேர்சிலையும் போவன் எண்டன். அந்தோனியார் படம் ஸ்டியரிங்குக்கு மேலை. பக்கத்து வீட்டுச் சீனாக்காரர், எதிர்வீட்டுக் குஜராத்தி, எல்லாரும் வெளியிலை வந்து நிண்டு பாத்தவை. ஒரு மந்திரி புறப்பட்ட மாதிரி.

மிதவைச் சட்டை பற்றி நீ சும்மா கேட்டனீ. சும்மா பாத்து எழுதுறன்.

நாளைக்கு விடிய வெளிக்கிடுறம். நீயும் பின்சீற்றிலை இருக்கிறாய் எண்டு நினைச்சுக்கொண்டு,
செல்வரட்ணம்

மச்சாள், சுவாமியார் வந்தது உண்மை. மந்திரி மாதிரி எண்டது பொய். றூபன் றிவேர்ஸ் எடுக்கேக்கை எங்கடை குப்பைத் தொட்டியில் இடிச்ச சத்தத்துக்குத்தான் எல்லாரும் வெளியில் வந்தவை. பின்னுக்கு நிண்டு "வா, வா, இடமிருக்கு" எண்டு கை காட்டினது இவர்.


ஃபண்டி குடாக் கரை, நியூ பிரன்ஸ்விக்
04-08-2023

பிரியமுள்ள தங்கச்சி,

எல்லாரும் சுகம். எனக்குக் கால் மட்டும் கொஞ்சம் நோ. அது கடலிலை நடந்ததாலை. விளங்குதே, கடலிலை நடந்தது. இஞ்சை கடல் ஒரு நேரம் தென்னை உயரத்துக்கு நிக்கும், இன்னொரு நேரம் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போயிடும். நான் செருப்பைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு கடலுக்கு அடியிலை நடந்து அடுத்த ஊருக்குப் போய், ஒரு கோப்பி குடிச்சிட்டு, தண்ணி வரமுன்னம் திரும்பி வந்தனான்.

கரவன் வாழ்க்கை எண்டால் ராசா வாழ்க்கை. ஒரு பட்டனை அமத்தினால் பந்தல் விரியுது. இன்னொண்டை அமத்தினால் படி இறங்குது. இன்னொண்டு இருக்கு, அதை நான் தெரியாமல் அமத்திப்போட்டன், அதைப் பற்றி வேண்டாம்.

இப்ப முக்கிய விசயம். நேற்றுப் பின்னேரம் உன்ரை பொதியைத் திறந்தன். தங்கச்சி, நீ மனுசியில்லை. தேங்காய்ப்பால் விட்டு, கத்தரிக்காய் போட்டு, பெரிய சட்டியிலை நானே குழம்பு வைச்சன். மணம் மரங்களுக்குள்ளாலை போய், பக்கத்துக் கூடாரத்துப் பிரெஞ்சுக்காரச் சோடி கையிலை கோப்பையோடை வந்திட்டினம். அந்த மனுசன் ஒரு வாய் வைச்சிட்டுக் கண்ணை மூடினவர், அஞ்சு நிமிசம் திறக்கேல்லை. பேந்து இன்னும் மூண்டு கரவன்காரர். பொதி முழுக்க முடிஞ்சுது. வால் துண்டுகளை மட்டும் தனியா எடுத்து, பனை நாராலை சுத்தி, துணியிலை பொதிஞ்சு வைச்சிருந்தாய். அதுதான் எல்லாத்திலும் திறம். அதைப் பொரிச்சு நான் ஒருத்தனாச் சாப்பிட்டன்.

வயிறு நிறைஞ்ச சந்தோசத்தோடை,
உன்ரை அண்ணன்

மச்சாள், பிரெஞ்சுக்காரர் கண்ணை மூடினது உறைப்புக்கு. நாங்கள் பால் குடுத்தம்.


லூனன்பேர்க் பக்கம், நோவா ஸ்கோஷியா
10-08-2023

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். எனக்கு ரெண்டு நாளா நித்திரை கொஞ்சம் குறைவு. அது இஞ்சத்தைக் குளிர்ச் சுவாத்தியம்.

முந்தின காயிதத்திலை பொதி முடிஞ்சுது எண்டு எழுதியிருந்தால் அதைப் பெரிசா எடுக்காதை. நாங்கள் சாப்பிட்டது வேற கருவாடு. கிளடிஸ் தன்ரை பங்குக்குத் தந்தது. உன்ரை பொதி பத்திரமா இருக்கு. நார் கூட அவிழ்க்கேல்லை. போன காயிதம் போட்ட அண்டு இரவு றோசலின், "வால் துண்டைத் தனியாக் கட்டி அனுப்புறதெண்டால் ஆருக்கு?" எண்டு சும்மா கேட்டவ. நான் கோப்பையைக் கழுவாமல் வைச்சிட்டுக் கடற்கரைக்குப் போயிட்டன். சின்ன வயசிலை உன்ரை வீட்டிலை வால் துண்டுக்கு ஆர் அடிபடுறது, கிடைக்காட்டி ஆர் வேலியோடை போய் நிண்டு அழுறது எண்டு எனக்கு நல்ல ஞாபகம். அந்த ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

மற்றது, இஞ்சை பொழுதுபோக்குக்காகக் கொஞ்சம் மீன் காய வைக்கிறன். எங்கடை சாதிக்கு உது கைவந்த வேலைதானே. பாலத்திலை நிண்டு தூண்டில் போட்டு நானே பிடிச்ச மீன். கீறி, உப்புப் போட்டு, பந்தல் கயித்திலை வரிசையாக் கொழுவியிருக்கிறன். இந்தக் காம்ப் கிறவுண்டின்ரை பெரிய அதிகாரியே வந்து பாத்து, எங்கை படிச்சனீங்கள் எண்டு கேட்டவர். இடம் காணாது, கடலுக்குக் கிட்ட இன்னும் நல்ல இடம் தாறன் எண்டு எங்களை அங்கை மாத்தியும் விட்டவர். ஒரு குறை, இஞ்சை வெயில் இல்லை. விடிஞ்சால் கண் மறைக்கிற பனிப்புகார். மத்தியானமும் புகார்.

சும்மா கேக்கிறன், ஒரு மீனுக்கு எத்தினை பிடி உப்புப் போடுறனீ? உன்ரை பதில் வரேக்கை நான் வீட்டை போயிடுவன் எண்டு தெரியும். இருந்தாலும் எழுது.

உப்புக் கையோடை எழுதின,
செல்வரட்ணம்

மச்சாள், மீன் பாலத்தில் நிண்ட ஒரு கிழவர் இரங்கித் தந்தது. அதிகாரி வந்தது முறைப்பாட்டுக்கு. முதல் இரவே ரக்கூன்கள் குடும்பமா வந்து பாதியைக் கொண்டு போயிட்டுது. அட்சயா "அப்பப்பா, திஸ் இஸ் சோ எம்பரஸிங்" எண்டு கரவனுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திட்டாள். மிச்ச மீனை இவர் என்ரை தலைமயிர் உலர்த்திற மெசினாலை உலர்த்தி முடிச்சார். மெசின் செத்துப்போச்சு. எங்களிட்டைக் கரவனில் இருந்தது பிறசர்க்காரருக்கு விக்கிற உப்பு மட்டும். கருவாடு விசயத்தில் இவர் எழுதின மற்ற எதையும் நான் திருத்தேல்லை. ரெண்டு நாள் இவர் சோறு சாப்பிடேல்லை எண்டதை மட்டும் சொல்லிவிடுறன்.


லூனன்பேர்க் பக்கம்
14-08-2023

என்ரை தங்கச்சிக்கு,

நாளைக்கு மடு மாதாவின்ரை திருநாள். நீ முழங்காலிலை நிக்கிற நேரம் எனக்கும் சேர்த்து நில்லு.

நேற்று நாங்கள் ஒரு வீட்டை போனனாங்கள். ஆற்றை வீடு எண்டு நான் எழுதேல்லை. பலகை வீடு, நீல நிறம், பின்கதவைத் திறந்தால் கடல். எங்களைக் கண்ட உடனை அவள் படியிலை அப்பிடியே இருந்திட்டாள். பேந்து எழும்பி வந்து றோசலினைக் கட்டிப் பிடிச்சவள் விடேல்லை. மெலியேல்லை. தலைமயிரை வெட்டிப்போட்டாள். மீன் ஃபக்ரறியிலை தரம் பாக்கிற வேலையாம். ஒரு மீனை மணந்தே எந்த நாள் பிடிச்சது எண்டு சொல்லிப்போடுவாளாம். இதைக் கேட்ட உடனை நான் பொதியைக் கதிரைக்குக் கீழை தள்ளி வைச்சன். ஏனெண்டு தெரியாது.

மனுசன்காரன் விடியப்புறம் வேற மீனுக்குப் படகிலை போனவன், வரேல்லை. அவன் பேர் அன்ட்ரூ. பேரை எழுதக்கூடாது எண்டு அவனைப் பற்றி நீ சொல்லேல்லைத்தானே. அவள் கதைச்சுக்கொண்டு இருக்கேக்கையும் கண் பின்கதவிலைதான். குசினியிலை தேத்தண்ணி போட்டாள். மேசையிலை உப்புச்சாடி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மூடி பக்கத்திலை. கடல் ஈரத்துக்கு உப்புக் கட்டியாகிப்போகும் எண்டு நான் எடுத்து மூடப் போனன். அவள் ஓடிவந்து என்ரை கையைப் பிடிச்சிட்டாள்.

"மாமா, மூடாதேங்கோ. அவர் இன்னும் வரேல்லை."

அவர் வாறதுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் எண்டு எனக்கு விளங்கேல்லை. வெள்ளைக்காரர் பழக்கமாக்கும். பத்து மணிபோலை படகுச் சத்தம் கேட்டுது. அவள் எழும்பிப் போய்ச் சாடியை மூடிப்போட்டு வந்து, முதல்முறையா எங்களைப் பாத்துச் சிரிச்சாள்.

அவன் மலை மாதிரி ஆள். வாசலிலை குனிஞ்சுதான் வந்தவன். "வாங்கோ மாமா, இருங்கோ மாமா" எண்டு தமிழிலை சொன்னான். அதோடை அவன்ரை தமிழ் முடிஞ்சுது. என்ரை இங்கிலீசும் அதோடை முடிஞ்சுது. பேந்து ரெண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் கதைச்சம். செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டை போட்டபடிதான் வந்தவன். அதைக் கழட்டாமலே தேத்தண்ணி குடிச்சவன். இதை ஏன் எழுதுறன் எண்டு தெரியேல்லை. சும்மா.

பொதியைக் குடுத்தன். கையிலை வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனாள். என்னைப் பாத்தாள். பொதியோடை உள்ளுக்குப் போயிட்டாள். உன்ரை கருவாடு எண்ட சந்தோசம் போலை.

நாளைக்குத் திரும்பிறம். உன்ரை கண்ணாடி தேய்ஞ்சிருந்தால் இந்தக் காயிதத்தை மட்டும் ஆரையும் கொண்டு வாசிப்பிச்சுக் கேள்.
செல்வரட்ணம்


பேசாலை
17-09-2023

அன்பு அண்ணாவுக்கு,

சுகமாயிருக்கிறேன். மூன்று கடிதமும் ஒரே நாளில் வந்தது. தபால்காரப் பிள்ளை, என்ன அன்ரி கனடாவில் தேர்தலோ என்று கேட்டான்.

கருவாடு சாப்பிடத்தான். அது வேற கருவாடு என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. கிளடிஸ் வீட்டில் கருவாடு காய வைக்கிறவர்கள் இல்லை. அதையும் சரி என்று வைப்போம்.

கடைசிக் கடிதத்தை ஆரையும் கொண்டு வாசிப்பிக்கவில்லை. நானே வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன்.

அந்தச் சாடியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். மூடியைக் கவிழ்த்து வைத்திருந்ததா, நிமிர்த்தி வைத்திருந்ததா? மேசையில் கடல் பக்கமா, சுவர்ப் பக்கமா? படகுச் சத்தம் கேட்ட பிறகு மூடினதா, ஆளைக் கண்ட பிறகு மூடினதா? நீங்கள் நன்றாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். மச்சாளிடம் கேட்டு எழுதுங்கள்.

அவர்கள் அந்தத் தொழிலை எப்போது தொடங்குகிறார்கள் என்றும் எழுதுங்கள். இங்கே சிலர் கேட்கிறார்கள்.

பிறசர் மருந்தை விடவேண்டாம்.
பேர்ணடெற்


ரூஜ், ஸ்காபரோ
15-10-2023

அன்புள்ள தங்கச்சி பேர்ணடெற்றுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். இலை கொட்டத் தொடங்கீட்டுது. முற்றம் கூட்டுறது நான்தான். அட்சயாவின்ரை பள்ளிக்கூடத்திலை விடுமுறைப் பயணம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னவை. அவள் என்னைப் பற்றித்தான் எழுதினவளாம். பரிசும் கிடைச்சுது. தலைப்பு "எங்கள் கரவனுக்கு வந்த ரக்கூன்கள்". நான் அதிலை முக்கிய பாத்திரம்.

சாடி விசயம். றோசலின் சொல்லுறா, மூடி நிமிந்து கிடந்தது, கடல் பக்கம். படகுச் சத்தத்துக்கு அவள் அசையேல்லை. அவன்ரை சப்பாத்துச் சத்தம் பின்படியிலை கேட்ட பிறகுதான் மூடினவள். நானும் அதைத்தான் பாத்தனான், எழுத மறந்திட்டன். இவ்வளவு விளக்கம் ஒரு உப்புச்சாடிக்கு ஏன் எண்டு எனக்கு விளங்கேல்லை. ஊரிலை உப்புக்குத் தட்டுப்பாடோ? வேணுமெண்டால் சொல்லு, பெட்டியிலை போட்டு அனுப்புறன். நல்ல உப்பு.

லொப்ஸ்டர் தொழில் நவம்பர் கடைசித் திங்கள் தொடங்குதாம். வைகாசி முடியும் வரைக்கும். பனிக்காலத்திலைதான் போறவை. உன்னைப் பயப்படுத்த எழுதேல்லை. நான் அண்டைக்கு அவன்ரை படகிலை ஏறிப் பாத்தனான். வானொலி, வெளிச்சம், ரப்பர் தோணி எல்லாம் இருக்கு. எங்கடை சவிரியின்ரை வள்ளத்திலை ஒரு அரிக்கன் லாம்பு இருந்தது, அவ்வளவுதானே. என்னைக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங் பிடிக்கவும் விட்டவன். மாமாதான் எங்கடை கப்டன் எண்டு சொன்னவன்.

இந்த உறையின்ரை பின்பக்கம் அட்சயா விளையாட்டுக்கு இங்கிலீசிலை ஏதோ எழுதிப்போட்டாள். நோவா ஸ்கோஷியா விலாசம் போலை கிடக்கு. அழிச்சால் உறை கிழிஞ்சிடும் எண்டு விட்டிட்டன்.

கப்டன் செல்வரட்ணம்

மச்சாள், படகு கட்டிக் கிடந்தது. ஸ்டியரிங் பிடிச்சது உண்மை.


லூனன்பேர்க் பக்கம், நோவா ஸ்கோஷியா
29-10-2023

அன்புள்ள அம்மா,

நீங்கள் சுகமாயிருக்க வேண்டும் எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறன். காது எப்பிடி எண்டு மாமா சொன்னார். மாமா சொன்னதில் பாதியைக் கழிச்சுப் பார்த்தாலும் கவலையாத்தான் இருக்கு.

கலியாணம் முடிஞ்சு முதல் ரெண்டு நத்தார்ப் பெருநாளுக்கும் எழுதினன். பதில் வரேல்லை. உங்கடை கோவத்தில் நியாயம் இல்லை எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை. அப்பாவைத் தேடி நீங்கள் கரையில் நிண்ட இரவு நானும் உங்கடை சேலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அதை மறந்து நான் இவரைக் கட்டேல்லை.

ஓகஸ்டில் மாமா ஒரு பொதி தந்தார். "அம்மா தன்ரை கையாலை கட்டி, உன்ரை பேரைச் சொல்லி, அழுதழுது அனுப்பினவ. கட்டாக் கருவாடு" எண்டார்.

அம்மா, அது கும்பிளா. முதுகில் வரி கிடக்கு. பிடிச்சு நாலு நாளைக்கு மேல் போகாத மீன். கீறினது கோணல். ஒரு துண்டில் நகப்பூச்சு மணமும் தலைக்கு வைக்கிற மருந்து மணமும் கலந்து வருது. உப்பு எண்ட சாமானே இல்லை. உங்கடை கையால் அப்பிடி ஒண்டு வெளியில் வராது எண்டு எனக்குத் தெரியும். ஆனா மாமாவின் முகத்தைப் பார்க்க ஒண்டும் கேக்க முடியேல்லை. அப்பிடிச் சின்னப் பிள்ளை மாதிரி நிண்டார். அண்டைக்கு இரவு அதைச் சமைச்சன். அன்ட்ரூ, "உங்கள் அம்மாவின் மீனா?" எண்டு கேட்டுப்போட்டு முழுக்கச் சாப்பிட்டார். அடுத்த நாள் வேலைக்குப் போகேல்லை.

எனக்கு ஒண்டு மட்டும் தெரிய வேணும். நீங்கள் உண்மையா ஏதும் அனுப்பினீங்களோ? என்ரை பேரைச் சொன்னீங்களோ? இல்லையெண்டால் இல்லையெண்டு எழுதுங்கோ. இல்லை எண்டு எழுதினாலும் அது உங்கடை கையெழுத்துத்தானே.

நவம்பர் இருபத்தேழாம் தேதி இவர் தொழிலுக்கு இறங்குறார்.

உங்கடை செபத்தில் இடமிருந்தால்,
றஜிதா


பேசாலை
20-11-2023

அன்பு அண்ணாவுக்கு,

சுகம். உங்களுக்கும் அப்படியே ஆகட்டும்.

கும்பிளாவுக்கு முதுகில் வரி இருக்கும். கட்டாவுக்கு இருக்காது. கடற்கரையில் பிறந்து அறுபத்தெட்டு வயதாகிய ஆளுக்கு இதை நான் எழுத வேண்டி வந்துவிட்டது. ஒரு மீனுக்கு எத்தனை பிடி உப்பு என்று கேட்டிருந்தீர்கள். வயிற்றுக்குள் ஒரு பிடி, மேலே ஒரு பிடி, பிறகு ஒரு இரவு. பிறசர்க்காரரின் உப்பு இல்லை. மச்சாளின் மெசினுக்கு ஆள்வசம் காசு அனுப்ப முடியாது. அதற்குப் பதிலாக ஒரு கருவாட்டுப் பொதி வரும். அதை நீங்கள் தொடக்கூடாது.

நீங்கள் சொன்ன பொய்களில் ஒன்று பொய்யில்லை. எது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் எல்லாவற்றையும் உண்மை என்று சொல்லித் திரிவீர்கள்.

இரண்டு நாள் சோறு சாப்பிடாமல் இருந்ததாக மச்சாள் எழுதியிருந்தா. இனி அப்படி இருக்கவேண்டாம்.

தங்கச்சி பேர்ணடெற்


பேசாலை
20-11-2023

அன்புள்ள றஜிதா,

நான் இருக்கிறேன். காது போய்விட்டது, கண் இருக்கிறது. உன் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமலே வாசித்தேன்.

அனுப்பினேன். கட்டாக் கருவாடு. வால் துண்டுகளைத் தனியாக எடுத்து நாரால் கட்டினேன். ஆருக்கு என்று மாமாவுக்கு எழுதவில்லை. எழுதாதது என் பிழை, அவருடைய பிழை இல்லை. அவர் பசிக்காரர். நாரைச் சுற்றும்போது உன் பேரைச் சொன்னேன். வாடியில் ஆரும் இல்லை. மாமா அதைக் கேட்டிருக்க முடியாது, ஆனால் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை பொதியை ஆள்வசம் கொடுக்கவில்லை. மன்னார்த் தபால் கந்தோரில் நானே நின்று, உன் பேரையும் விலாசத்தையும் என் கையால் எழுதிப் பதிந்து அனுப்பியிருக்கிறேன். உப்புச் சரியாக இருக்கும். உன் மனுசனுக்குக் கொடுக்க முன்னம் கழுவு. அவருடைய வயிறு பழகவில்லை.

சாடியைப் பற்றி மாமா விளங்காமல் எழுதினார். உன் அப்பம்மா எனக்குச் சொல்லித் தந்தது அது. வள்ளம் கரை தட்டும் வரையும் உப்புச்சாடியை மூடக்கூடாது, மூடியை நிமிர்த்திக் கடல் பக்கம் வைக்கவேண்டும், ஆளின் காலடி படியில் கேட்டால்தான் மூடலாம். அப்பா போன இரவு நான் மூடவில்லை. மூன்றாம் நாள் மூடினேன். அதன்பிறகு இந்த வீட்டில் அந்தச் சாடி திறந்து கிடந்ததில்லை. எடுத்த உடனே மூடிவிடுவேன். நீ அதைக் கண்டு வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. நீ சின்னப் பிள்ளை.

உன்னைக் கடல்காரனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொன்னது நீ இப்படி இருந்து வழி பார்த்திருக்கக் கூடாது என்றுதான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய். அப்படியென்றால் தனியே இருந்து பார்க்க வேண்டாம்.

அன்ட்ரூ கரையை விட்டு வெளிக்கிடும் நேரம் பேசாலையில் எத்தனை மணி என்று கணக்குப் பார்த்து எழுது. திரும்புகிற நேரத்தையும் எழுது. இங்கேயும் சாடியைத் திறந்து வைக்கவேண்டும்.

அம்மா